உடம்பு சாட்சி, வாய் வக்கீல்

கல்லூரி செமினார் ஹாலில் பன்னிரண்டு நிமிடப் பேய்ப்படம் ஒன்று முடிகிறது. டியூப்லைட்டுகள் இரண்டு தடவை மினுங்கி எரிகின்றன. படத்தை எடுத்த மாணவர் புரொஜெக்டர் பக்கத்தில் நின்றபடி, "எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்கிறார். "சூப்பர் மச்சி!" "மியூசிக் வேற லெவல்." "கிளைமாக்ஸ்தான் கொஞ்சம் இழுவை." கடைசி வரிசையில் ஒருத்தி "செம பயம்" என்கிறாள், படம் ஓடியபோது பாதி நேரம் அவள் முகத்தில் கைபேசி வெளிச்சம்தான் அடித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் வரிசைக்காரர் "எனக்கெல்லாம் பயமே வரலைப்பா" என்கிறார். ஏழாவது நிமிடத்தில் பக்கத்தில் இருந்தவரின் முழங்கையை இறுக்கிப் பிடித்தது அவருக்கே ஞாபகமில்லை.

இந்தப் பதில்களை வைத்துக்கொண்டு அந்த மாணவர் எடிட்டிங் கணினி முன் உட்கார்ந்தால் எதை வெட்டுவார், எதை நீட்டுவார்? இத்தனைக்கும் யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்வியில்தான் கோளாறு.

ஒரு கூட்டம் ஒரு காட்சியை எப்படி உள்வாங்குகிறது என்று கண்டுபிடிக்க அறிவியலாளர்கள் நூறாண்டுக்கும் மேலாக முயன்று வருகிறார்கள். எண்ணிப் பார்த்திருக்கிறார்கள், பொத்தான் கொடுத்திருக்கிறார்கள், விரலில் கம்பி கட்டியிருக்கிறார்கள், அரங்கத்துக் காற்றைக்கூடப் பிடித்துச் சோதித்திருக்கிறார்கள். அத்தனையிலிருந்தும் மாணவ இயக்குநருக்குத் தேவையான பாடம் ஒன்றுதான். எங்கே பயந்தோம் என்பதற்குப் பார்வையாளர் நல்ல சாட்சி. ஏன் பயந்தோம், ஏன் பயப்படவில்லை என்று பேசத் தொடங்கிய மறுகணம் அவர் வக்கீல் ஆகிவிடுகிறார்.

மிச்சிகன், 1977

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1977ஆம் ஆண்டையொட்டி இரண்டு வேலைகள் ஒன்றையொன்று அறியாமல் நடந்துகொண்டிருந்தன.

ஈஸ்ட் லான்சிங் நகரில் இருக்கும் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சாம் ரெய்மி என்ற மாணவர், நண்பர்களோடு சேர்ந்து சூப்பர்-8 கேமராவில் 'இட்ஸ் மர்டர்!' என்ற படத்தை எடுத்தார். அது நகைச்சுவைப் படம். ஆனால் அதற்காக ஒரு திகில் காட்சியைப் படமாக்கிய அனுபவம் ரெய்மியை அந்தப் பக்கம் இழுத்தது. அவரும் கூட்டாளிகளும் டிரைவ்-இன் அரங்குகளில் ஓடிய திகில் படங்களைத் தேடித் தேடிப் பார்த்தார்கள். பிறகு சுமார் 1600 டாலர் செலவில் 'விதின் த வுட்ஸ்' என்று ஒரு குறும்படம் எடுத்து, அதை முதலீட்டாளர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ரெய்மி அதை 'மாதிரி' என்றே சொன்னார். தொழிற்சாலையில் ஒரு கருவியைச் சந்தைக்கு விடுமுன் ஒன்றைச் செய்து ஓட்டிப் பார்ப்பதில்லையா, அந்த அர்த்தத்தில். அதில் திரட்டிய பணத்தில் பிறந்தது 'தி ஈவில் டெட்'. 1981 அக்டோபர் 15 அன்று டெட்ராய்ட்டின் ரெட்ஃபோர்டு அரங்கில் முதல் காட்சி ஓடியது.

அங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி, ஆன் ஆர்பர் நகரில் உளவியலாளர் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் அவரது மாணவர் திமோதி வில்சனும் வேறொரு சோதனையில் இருந்தார்கள். ஒரு கடையில் நைலான் காலுறைகள் நான்கு ஜோடியை வரிசையாக வைத்து, "இதில் எது தரமானது?" என்று வாடிக்கையாளர்களைக் கேட்டார்கள். நான்கும் ஒன்றே என்பது கேட்கப்பட்டவர்களுக்குத் தெரியாது. 52 பேரில் 40 சதவீதம் பேர் வலது ஓரத்தில் இருந்த ஜோடியைத் தேர்ந்தெடுத்தார்கள். இடது ஓரத்து ஜோடிக்கு 12 சதவீதம்தான் கிடைத்தது. காரணம் கேட்டால் நெசவு, மென்மை, தரம் என்று விதவிதமாகச் சொன்னார்கள். வைத்திருந்த இடம்தான் காரணம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஆய்வாளர்களே அதைக் குறிப்பாகக் கேட்டபோதும் ஏறக்குறைய எல்லாரும் மறுத்தார்கள்.

நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமான சோதனையும் அதே ஆய்வுக் கட்டுரையில் உண்டு. ஒரு படத்தைத் திரையிடும்போது, வெளியே தாழ்வாரத்தில் மின்ரம்பத்தை ஓடவிட்டார்கள். படம் எப்படி என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். சத்தம் கேட்டவர்களும் கேட்காதவர்களும் போட்ட மதிப்பெண்களில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் "சத்தம் உங்களைப் பாதித்ததா?" என்று கேட்டால், ஆமாம், அதனால்தான் மதிப்பெண் குறைத்தேன் என்று பலர் சொன்னார்கள்.

மாணவ இயக்குநர் இந்த மின்ரம்பத்தை மறக்கக் கூடாது. "சவுண்டு சரியில்லை, அதான் பயம் வரலை" என்று ஒருவர் சொல்லும்போது, பயம் வரவில்லை என்ற பாதி பெரும்பாலும் உண்மை. சவுண்டு என்ற பாதி, கேட்டவுடன் மனம் தேடிப் பிடித்துக் கொடுத்த காரணம். அதை நம்பி மூன்று இரவு ஒலிக்கலவையோடு மல்லுக்கட்டினாலும், அந்தக் காட்சி முன்போலவே சும்மா கிடக்கலாம். ஏனென்றால் உண்மையான கோளாறு அதற்கு முந்தைய காட்சியில் இருந்திருக்கும்.

மெய்யில் தெரிவது

தொல்காப்பியம் உணர்ச்சிகளைப் பற்றிப் பேசும் இயலுக்கு மெய்ப்பாட்டியல் என்று பெயர். உள்ளத்து உணர்ச்சி மெய்யில், அதாவது உடம்பில், புலப்படுவதே மெய்ப்பாடு. அதில் வரும் எட்டு மெய்ப்பாடுகளில் அச்சமும் ஒன்று. பேய் போன்ற அணங்கு, விலங்கு, கள்வர், தண்டிக்கும் அதிகாரம் உடையவர் என நான்கு இடங்களில் அது பிறக்கும் என்று கணக்கும் உண்டு. திகில் பட இயக்குநர்கள் இன்றும் இந்த நான்கைத்தான் சுற்றி வருகிறார்கள். அச்சம் உடம்பில் தெரியும் என்ற பழைய பார்வைக்கு இன்றைய ஆய்வகங்கள் கடிகாரம் சேர்த்திருக்கின்றன.

திரையில் திடீரென்று ஒரு கை பாய்கிறது, கூடவே 'படார்' என்று ஒரு சத்தம். நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள் கண் இமை மூடிவிடுகிறது. தோள் உயர்கிறது, தலை முன்னால் குனிகிறது, முழங்கை மடங்குகிறது. அரை நொடிக்குள் எல்லாம் முடிந்துபோகிறது. 1930களில் கார்னி லேண்டிஸ், வில்லியம் ஹன்ட் என்ற இரு ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவால் இந்த அசைவுகளைப் படம்பிடித்து, 1939இல் புத்தகமாகவே வெளியிட்டார்கள். இந்தத் துள்ளல் மூளைத்தண்டின் வேலை. வந்தது பேயா பூனையா என்று யோசிக்க அங்கே நேரமில்லை. அதனால்தான் கதையே புரியாதவரும் துள்ளுகிறார்.

ஒன்று முதல் மூன்று நொடி கழித்து உள்ளங்கை வியர்க்கத் தொடங்கும். பரிவு நரம்புகள் வியர்வைச் சுரப்பிகளைத் தூண்டுவதால், தோல் வழியே மின்சாரம் பாய்வது சற்று எளிதாகிறது. இரண்டு விரல்களில் மின்முனைகளை மாட்டி இந்த மாற்றத்தை அளக்கலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: பயம், மகிழ்ச்சி, கோபம் எல்லாவற்றுக்கும் உள்ளங்கை ஒரே மாதிரிதான் வியர்க்கும். கிளர்ச்சி உண்டு என்று அது சொல்லும். எதனால் என்று சொல்லாது.

இதயம் இன்னும் புதிரானது. திடுக்கிட்டால் துடிப்பு கூடும் என்பது நாம் அறிந்ததே. ஆனால் இருட்டு மாடிப்படியில் யாரோ மெதுவாக இறங்கி வரும் காட்சியைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும்போது துடிப்பு குறையவும் செய்யலாம். ஆபத்தை உற்றுக் கவனிக்கும் விலங்கு அசையாமல் உறைந்து நிற்பதன் மிச்சம் அது. ஆக, கைக்கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பு ஏறினால் நல்ல காட்சி, இறங்கினால் மோசமான காட்சி என்று முடிவு கட்ட முடியாது.

இங்கிருந்து ஒரு பயனுள்ள பாகுபாடு கிடைக்கிறது. திடுக்கிடல் வேறு, திகில் வேறு. 1942இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் ஒரு பெண் இரவில் தனியாக நடந்து போவாள். பின்னால் காலடி ஓசை. அது நிற்கும். அவள் நடை வேகமாகும். ஏதோ ஒன்று பாயப் போகிறது என்று நாம் மூச்சைப் பிடித்திருக்கும்போது, பிரேக் காற்றைச் சீறிக்கொண்டு ஒரு பஸ் திரைக்குள் வந்து நிற்கும். இந்த உத்திக்குத் தயாரிப்பாளர் வால் லூட்டன் பெயரால் 'லூட்டன் பஸ்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்தத் துள்ளலுக்குப் பஸ்ஸின் சத்தம் பாதிக் காரணம்தான். மீதியை அதற்கு முன்னால் நடந்த அந்த நீண்ட நடை சம்பாதித்துக் கொடுத்தது. திகில் ஏற்கெனவே உடம்பை முறுக்கி வைத்திருந்தால், அதே சத்தத்துக்குத் திடுக்கிடல் பலமடங்காகும். கருத்துக் கேட்கும்போது இரண்டையும் தனித்தனியாகப் பிடிக்க வேண்டும்.

நெளிவைக் கணக்கெடுத்தவர்

பார்வையாளரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அவர் மனத்தை அளக்கலாம் என்று காட்டியவர்களில் முன்னோடி ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன். 1885இல் சலிப்பூட்டும் ஒரு கூட்டத்தில் மாட்டிக்கொண்ட அவர், தமக்கு முன்னால் இருந்த சுமார் ஐம்பது பேர் எத்தனை முறை நெளிகிறார்கள் என்று எண்ணினார். நிமிடத்துக்கு ஏறக்குறைய 45 அசைவுகள்; ஆளுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். பேச்சு சுவைபட்ட நேரங்களில் இது பாதியாகக் குறைந்தது. கடிகாரத்தை எடுத்துப் பார்த்தால் மரியாதையாக இருக்காது என்று, தம் மூச்சையே எண்ணி நேரத்தைக் கணக்கிட்டாராம். நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சு. 'நெளிவின் அளவு' என்ற பொருளில் தலைப்பிட்டு இதை 'நேச்சர்' இதழில் எழுதினார்.

1930களின் இறுதியில் வானொலி ஆய்வாளர்கள் பால் லாசர்ஸ்ஃபெல்டும் ஃபிராங்க் ஸ்டான்டனும் நேயர் மனத்தை அளக்க ஒரு கருவி செய்தார்கள். வானொலி நிகழ்ச்சி கேட்பவர் கையில் இரண்டு பொத்தான்கள்: பிடித்தால் பச்சை, பிடிக்காவிட்டால் சிவப்பு. அழுத்திய இடமெல்லாம் ஓடும் காகிதச் சுருளில் கோடாகப் பதியும். 1941இல் இதைப் பார்க்க வந்த சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன், நிகழ்ச்சி முடிந்த பிறகு கேட்கும் முறையைத் திருத்தினார். பொதுவாக "எப்படி இருந்தது?" என்று கேட்காமல், "இந்த இடத்தில் சிவப்பை அழுத்தினீர்களே, அப்போது என்ன கேட்டுக்கொண்டிருந்தீர்கள்?" என்று குறிப்பாகக் கேட்கச் சொன்னார். இன்று விளம்பர உலகம் நடத்தும் 'ஃபோகஸ் குரூப்' கலந்துரையாடலுக்கு இதுவே மூதாதை. முதலில் இடத்தைப் பிடி, பிறகு கேள்வி கேள் என்ற வரிசையில்தான் அதன் உயிர் இருக்கிறது. பேரன் காலத்தில் பல இடங்களில் அது தொலைந்துவிட்டது.

அண்மைக்கால முயற்சிகளில் எனக்குப் பிடித்தது ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் நடந்தது. அங்குள்ள மாக்ஸ் பிளாங்க் வேதியியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோனதன் வில்லியம்ஸ் குழுவினர், ஒரு திரையரங்கின் காற்று வெளியேறும் குழாயில் கருவி பொருத்தினார்கள். 16 படங்கள், 108 திரையிடல்கள், சுமார் 9500 பார்வையாளர்கள். பரபரப்பான கட்டங்களில் அரங்கக் காற்றில் கார்பன் டை ஆக்ஸைடும் ஐசோபிரீன் என்ற வேதிப்பொருளும் கூடின. தசைகளில் தேங்கியிருக்கும் ஐசோபிரீன், நாம் இறுகும்போதும் துள்ளும்போதும் இரத்தத்துக்கு வந்து மூச்சில் வெளியேறுகிறது. 'ஹங்கர் கேம்ஸ்' வரிசையின் இரண்டாவது படத்தில் அதே காட்சிகளில் ஒவ்வொரு தடவையும் அதே ஏற்றம் தெரிந்தது. ஒரு கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது என்பதைக் காற்றே எழுதிக் கொடுத்துவிட்டது. முடிவுகள் 2016இல் வெளியாயின.

மூளை ஸ்கேனர் வைத்திருப்பவர்கள் வேறு விதமாக அளக்கிறார்கள். யூரி ஹாசனும் சக ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஹிட்ச்காக் இயக்கிய தொலைக்காட்சிக் கதை ஒன்றைப் பார்த்தவர்களின் மூளைப் புறணியில் சுமார் 65 சதவீதப் பரப்பு ஒரே தாளத்தில் இயங்கியது. நியூயார்க்கில் ஒரு பூங்காவை வெட்டோ ஒட்டோ இல்லாமல் படம்பிடித்த காட்சிக்கு இது 5 சதவீதத்துக்கும் குறைவு. எங்கே பார்க்க வேண்டும், எப்போது பார்க்க வேண்டும் என்று இயக்குநர் பிடித்து நடத்தினால் எல்லா மூளையும் ஒன்றாக நடக்கிறது. மாணவரிடம் ஸ்கேனர் இருக்காது. ஆனால் பத்துப் பேரும் ஒரே நொடியில் துள்ளினார்களா, ஆளுக்கொரு நொடியில் துள்ளினார்களா என்று பார்க்கக் கண் போதும்.

எழுந்து போனவர்கள்

சாட்சியைத் தப்பாகப் படிக்கவும் முடியும். ஓரன் பெலி என்பவர் சான் டியேகோவில் தம் சொந்த வீட்டிலேயே ஏழு நாளில், சுமார் 15,000 டாலரில் 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' படத்தை எடுத்தார். ஸ்டூடியோ ஒரு சோதனைக் காட்சி வைத்தபோது பார்வையாளர்கள் நடுவில் எழுந்து போனார்கள். படம் படுத்துவிட்டது என்று ஸ்டூடியோக்காரர்கள் நினைத்தார்கள். விசாரித்தால், பயம் தாங்காமல் போனவர்கள் அவர்கள். கால்கள் சொன்னது உண்மைதான். அதற்கு எழுதிய உரைதான் பிழை. சிரிப்பும் அப்படியே. திடுக்கிட்ட மறுநொடி வரும் சிரிப்பு, இறுக்கம் கழன்றதன் அடையாளம். பேய் வரும் முன்பே வரும் சிரிப்பு, ஒப்பனை பல்லிளிக்கிறது என்று பொருள். இரண்டுக்கும் சத்தம் ஒன்று, நேரம் வேறு.

மதிப்பெண்ணும் ஏமாற்றும். அமெரிக்காவில் படம் விட்டு வெளியே வருபவர்களிடம் மதிப்பீடு கேட்கும் சினிமாஸ்கோர் நிறுவனத்தின் கணக்கில், 1999இன் 'தி பிளேர் விட்ச் பிராஜெக்ட்' வாங்கியது சி பிளஸ். திரைப்படக் கல்வி முடித்து வந்த டேனியல் மிரிக், எட்வர்டோ சான்செஸ் என்ற இருவர் எடுத்த அந்தப் படம் உலகெங்கும் சுமார் 24 கோடியே 80 லட்சம் டாலர் வசூலித்தது. விமர்சகர்கள் கொண்டாடிய 'ஹெரிடிட்டரி' (2018) வாங்கியது டி பிளஸ். மனத்தைக் கலைத்து அனுப்பும் படத்துக்கு வாசலில் நின்று யாரும் நூற்றுக்கு நூறு போடுவதில்லை.

அலறலுக்கும் ஒரு சிக்கனம் உண்டு என்பதை ஸ்பீல்பெர்க் கற்றுக்கொண்ட கதை பிரசித்தம். 1975இல் 'ஜாஸ்' சோதனைக் காட்சியில் சுறா முதன்முதலாகக் கடலிலிருந்து தலை தூக்கும்போது அரங்கம் அலறியது. ஆசை விடவில்லை, இன்னோர் அலறல் வேண்டும் என்று, மூழ்கிய படகின் ஓட்டையிலிருந்து பிணத்தின் தலை மிதந்து வரும் காட்சியைப் புதிதாக எடுத்தார். எடிட்டர் வெர்னா ஃபீல்ட்ஸ் வீட்டு நீச்சல் குளத்தில், தண்ணீரைக் கலங்கலாக்கப் பால் ஊற்றி எடுத்த காட்சி அது. அரங்கம் அதற்கும் அலறியது. ஆனால் பின்னால் வந்த சுறாவுக்குக் கிடைத்த பழைய அலறல் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஒருமுறை ஏமாந்தவர்கள் அடுத்ததற்குத் தயாராகிவிட்டார்கள். ஒரு காட்சியைத் திருத்தினால் அதற்குப் பின்னால் வரும் எல்லாக் காட்சிகளையும் புதிதாகச் சோதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

ஞாபகம், நண்பர்கள், நாம்

படம் முடிந்து கேட்கும்போது நமக்குக் கிடைப்பது அனுபவம் அல்ல, அனுபவத்தின் ஞாபகம். உளவியலாளர் டேனியல் கானமனும் சகாக்களும் 1993இல் செய்த சோதனையில், 32 மாணவர்கள் 14 டிகிரி குளிர்நீரில் ஒரு நிமிடம் கை வைத்தார்கள். இன்னொரு முறை, அதே ஒரு நிமிடத்தோடு மேலும் அரை நிமிடம். அதற்குள் நீர் மெல்ல 15 டிகிரிக்கு ஏறும். எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது 22 பேர் நீண்ட வேதனையைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததுதான் காரணம். உச்சமும் முடிவும் நினைவில் நிற்கின்றன, நீளம் நிற்பதில்லை. "கிளைமாக்ஸ் சொதப்பல்" என்று எல்லாரும் சொல்வது, கிளைமாக்ஸ் ஒன்றுதான் அவர்கள் கையில் மிச்சமிருக்கிறது என்பதாலும் இருக்கலாம். நான்காவது நிமிடத்தில் தொய்ந்தது அவர்களுக்கு மறந்தே போயிருக்கும். நெளிந்த நாற்காலிக்குத்தான் தெரியும்.

அடுத்தது கூட்டத்தின் இழுப்பு. 2006இல் வெளியான ஓர் ஆய்வில் சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற ஆய்வாளர்கள் 14,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து, முன்பின் கேட்டிராத பாட்டுகளை மதிப்பிடச் சொன்னார்கள். மற்றவர்கள் எதை எத்தனை முறை பதிவிறக்கினார்கள் என்று தெரிந்தபோது, பிரபலமான பாட்டு மேலும் பிரபலமானது. வெவ்வேறு குழுக்களில் வெவ்வேறு பாட்டுகள் முன்னுக்கு வந்தன. செமினார் ஹாலில் முதலில் வாய் திறந்தவர் "மொக்கை" என்றால் அடுத்த ஐந்து பேர் எங்கே போவார்கள் என்று ஊகிக்கலாம். அதிலும் அவர் சீனியர் என்றால் கேட்கவே வேண்டாம்.

கடைசிச் சிக்கல் படம் எடுத்தவர். ஆய்வு மாணவி எலிசபெத் நியூட்டன் 1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விளையாட்டு வைத்தார். தெரிந்த பாட்டின் தாளத்தை மேசையில் தட்ட வேண்டும், எதிரில் இருப்பவர் கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். 120 பாட்டுகளில் கண்டுபிடித்தது மூன்று. தட்டுபவரின் தலைக்குள் பாட்டே ஓடுகிறது. எதிராளிக்கு வெறும் டொக் டொக். பேய் எந்தக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது என்று தெரிந்த, அந்தப் பேய்க்கு மாவு பூசிவிட்ட, அதே காட்சியை இருநூறு தடவை ஓட்டிப் பார்த்த ஒருவரால் தன் படம் பயமாக இருக்கிறதா என்று சொல்லவே முடியாது. அவருக்குப் புதுக் கண்கள் தேவை. ஒரு கண் ஒரு முறைதான் புதுக் கண்.

செய்து பார்க்க

இனி கைவேலைக்கு வருவோம். செலவு ஏறக்குறைய இல்லை.

முப்பது பேரை ஒரே நாளில் உட்கார வைக்காதீர்கள். பத்துப் பத்தாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்துப் பேருக்கு முதல் வெட்டு. திருத்தியதை அடுத்த பத்துப் பேருக்கு. பார்த்தவரே மறுபடி பார்த்தால் அவர் துள்ள மாட்டார். நடித்தவர்களும் அறைத் தோழர்களும் வேண்டாம். வேறு துறை மாணவர்கள், விடுதிப் பணியாளர்கள், பேய்ப்படமே பார்க்காதவர், பேய்ப்படமே கதி என்று கிடப்பவர் எல்லாரும் கலந்திருக்கட்டும்.

திரைக்குக் கீழே ஒரு கைபேசியைப் பார்வையாளர்களை நோக்கி வைத்துப் பதிவு செய்யுங்கள். முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்குங்கள். மினுங்கும் வெளிச்சம் உண்டென்றால் அதையும் சொல்லிவிடுங்கள். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு அது விளையாட்டல்ல. திரையின் ஒளியிலேயே முகங்கள் ஓரளவு விழும். முகம் விழாவிட்டாலும் ஒலி விழும்: இருமல், நாற்காலி கிறீச்சிடுவது, பை ஜிப், திடீர் நிசப்தம். கைபேசி உங்கள் படத்தின் ஒலியையும் சேர்த்தே பதிந்திருக்கும் என்பதால், அந்த வீடியோவை எடிட்டிங் டைம்லைனில் படத்துக்குக் கீழே வைத்து ஒலியை ஒலியோடு பொருத்தினால் போதும். மேல் தடத்தில் பேய், கீழ்த் தடத்தில் அதைப் பார்த்த முகங்கள்.

இப்போது நான்கு குறிகள் மட்டும் போடுங்கள்: துள்ளல், நெளிவு, சிரிப்பு, கைபேசி வெளிச்சம். உதாரணத்துக்கு ஒன்றைக் கற்பனை செய்வோம். மூன்றாம் நிமிடம் ஐந்து பேர் நெளிகிறார்கள். நான்காம் நிமிடம் இரண்டு கைபேசிகள் ஒளிர்கின்றன. ஐந்தாம் நிமிடம் ஜன்னலில் முகம் தெரிகிறது. பத்துப் பேரில் மூவர்தான் துள்ளுகிறார்கள். வாயைக் கேட்டால் "அந்த முகத்துக்கு மேக்கப் பத்தலை" என்பார்கள். டைம்லைனைக் கேட்டால், முகம் வருவதற்கு ஒரு நிமிடம் முன்பே கூட்டம் கைவிட்டுப் போய்விட்டது என்று சொல்லும். திருத்த வேண்டியது மேக்கப் அல்ல, மூன்றாம் நிமிடத்து வளவளா உரையாடல். அதில் நாற்பது நொடியை வெட்டி அடுத்த பத்துப் பேருக்குப் போட்டுப் பாருங்கள். வேறெதையும் தொடாதீர்கள், தொட்டால் எது பலித்தது என்று தெரியாது.

படம் முடிந்ததும், யாரும் பேசுவதற்கு முன், ஆளுக்கொரு தாள். பெயர் எழுத வேண்டாம். நான்கு கேள்விகள் போதும். எந்த இடத்தில் உடம்பு அதிர்ந்தது? எந்த இடத்தில் கவனம் வேறெங்கோ போனது? கதையை மூன்று வரியில் எழுதுங்கள். வீட்டுக்குப் போனபின் எந்தப் படிமம் திரும்ப வரும் என்று நினைக்கிறீர்கள்? மூன்றாவது கேள்வி முக்கியம். நீங்கள் எடுத்த கதையும் அவர்கள் பார்த்த கதையும் ஒன்றுதானா என்று அதில் அம்பலமாகும். தாள்களை வாங்கிய பிறகே பேச்சு. அப்போதும் மெர்ட்டனின் வழி: "பஸ் ஸ்டாப் காட்சியில் சிரித்தீர்களே, அப்போது மனதில் என்ன ஓடியது?" பதில் வரும்போது குறுக்கே விழுந்து விளக்கம் சொல்லாதீர்கள். திரைக்கு வெளியே நின்று நீங்கள் விளக்குவது படத்தில் இல்லை.

அதிகம் பயமுறுத்தினால் வெற்றி என்றும் நினைக்க வேண்டாம். டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வையிலே நகரத்துப் பேய்வீடு ஒன்றில் 110 பேருக்கு இதயத்துடிப்புக் கருவி மாட்டி அனுப்பினார்கள். 2020இல் வெளியான முடிவு: பயம் கூடக் கூட இன்பமும் ஓரளவு கூடி, உச்சத்தைத் தாண்டியபின் சரிந்தது. குழம்புக்கு உப்பு மாதிரிதான். ருசி அளவில் இருக்கிறது, கொட்டுவதில் இல்லை.

ஆலோசனைகளும் வந்து குவியும். "பேயை முதலிலேயே காட்டிடு", "பாட்டு ஒண்ணு வை", "கடைசியில் எல்லாம் கனவுன்னு முடி". நன்றி சொல்லி வாங்கி வையுங்கள். வலிக்கும் இடத்தை நோயாளி சொல்லலாம். மருந்துச் சீட்டு எழுத வேண்டியது மருத்துவர். அடுத்த திரையிடலில் விளக்கு எரிந்ததும் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்க நாக்கு துடிக்கும். அடக்கிக்கொண்டு தாளைக் கொடுங்கள். பதில் ஏற்கெனவே உங்கள் கைபேசியில் பதிவாகியிருக்கிறது.